புத்தோ: படிமத்தை உடலில் இறக்குவதும் அதைக் கற்றுக்கொடுப்பதும்

ஜப்பானில் பிறந்த நவீன நடன வடிவமான புத்தோவின் வகுப்புக்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் மனத்தில் ஏற்கெனவே ஒரு சித்திரம் இருக்கும்: உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு, கோணிய முகம், ஆமை வேகம். மேடைப் படங்களில் கண்ணில் படுவது அதுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வகுப்பு தொடங்கியதும் முகத்தைச் சுளித்து, விரல்களை நகம்போல் மடக்கி, மெல்ல நகர ஆரம்பித்துவிடுவார்கள். பார்வைக்குப் புத்தோ மாதிரியே இருக்கும். ஆனால் ஆடுபவருக்குள் எதுவும் மாறியிருக்காது. ஏற்கெனவே தெரிந்த ஒரு தோற்றத்தை அவர் நகல் எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

புத்தோ இயங்கும் விதம் வேறு. ஆசிரியர் ஒரு படிமத்தைச் சொல்கிறார்: உள்ளங்கால்களுக்கு அடியில் சவர பிளேடு, தலைமேல் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த கிண்ணம், முதுகில் புகை. மாணவர் அதை நடித்துக் காட்டப் போவதில்லை. அந்த நிலைமை உண்மையாக இருந்தால் தன் உடலின் எடை, மூச்சு, பார்வை, நேரம் ஆகியவை என்ன ஆகும் என்று கவனிக்கிறார். அசைவு அந்தக் கவனத்தின் விளைவாக வருகிறது. ஆடுபவர் முன்கூட்டி யோசித்திருக்கவே முடியாத அசைவு வெளிப்படுவதும் இதனால்தான். படைப்பாற்றலை வளர்க்கும் வழியாகப் புத்தோவை நடிகர்களும் ஓவியர்களும் கவிஞர்களும் நாடி வருவதற்கு இதுவே காரணம். படிமம் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு சுதந்திரம் கிடைக்கும். "மனம்போல் ஆடுங்கள்" என்று விட்டுவிட்டால் மாணவர் தன் பழக்கங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

இரண்டு ஊற்றுகள்

புத்தோவின் தொடக்கமாக 1959 மே மாதம் டோக்கியோவில் நடந்த 'கின்ஜிகி' என்ற சிறு நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். அதை அமைத்தவர் தத்சுமி ஹிஜிகாத்தா (1928–1986). உடன் ஆடியவர் இளைஞர் யோஷிதோ ஓனோ. ஓர் உயிருள்ள கோழியும் மேடையில் இருந்தது. பார்வையாளர்களும் ஜப்பானிய நவீன நடன வட்டாரமும் அதிர்ந்துபோயின. தன் நடனத்தை ஹிஜிகாத்தா 'அன்கோகு புத்தோ', அதாவது காரிருளின் நடனம் என்று அழைத்தார்.

அவர் வடகிழக்கு ஜப்பானின் அகிதா பகுதியில் பிறந்தவர். பனியும் சேற்று வயலும் உள்ள ஊர். வயல்வேலைக்குப் போகும் பெற்றோர் குழந்தைகளை வைக்கோல் கூடைகளில் கட்டி உட்காரவைத்துவிட்டுப் போவதையும், மாலையில் தூக்கி எடுக்கும்போது அவர்களின் கால்கள் மரத்து நிமிரமுடியாமல் இருப்பதையும் பற்றி அவர் பின்னாளில் பேசியிருக்கிறார். புத்தோவில் அடிக்கடி காணும் வளைந்த கால்கள், பாதத்தின் வெளி விளிம்பில் விழும் எடை, தாழ்ந்த இடுப்பு ஆகியவை இங்கிருந்து வருகின்றன. மேல்நோக்கித் தாவும் பாலேயின் உடலுக்கு எதிராக, நிலத்தை நோக்கிச் சரியும் உடலை அவர் தேடினார்.

1970-களில் டோக்கியோவின் மெகுரோ பகுதியிலிருந்த 'அஸ்பெஸ்டாஸ்-கான்' கூடத்தில் அவர் உருவாக்கிய கற்பித்தல் முறைதான் இன்றைய பயிற்சிகளின் முதுகெலும்பு. அவர் சிறு மேளத்தைத் தட்டியபடி சொற்களைக் கொட்டுவார். யோகோ அஷிகாவா முதலான மாணவர்கள் அவற்றை உடலாக மாற்றுவார்கள். பிறகு நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துக்கொள்வார்கள். ஃபிரான்சிஸ் பேகன், டர்னர், வோல்ஸ் போன்ற ஓவியர்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டி, பக்கத்தில் குறிப்பெழுதிய தொகுப்புகளும் அவரிடம் இருந்தன. இந்தச் சொற்குறிப்புகளுக்குப் 'புத்தோ-ஃபு' என்று பெயர். கெய்யோ பல்கலைக்கழகத்தின் கலை மையம் அவருடைய ஆவணங்களைப் பாதுகாக்கிறது. மாணவர்களில் ஒருவரான யுகியோ வகுரி, தான் பெற்ற குறிப்புகளை ஏழு 'உலக'ங்களாக வகைப்படுத்தி 1998-இல் ஒரு குறுந்தகடாக வெளியிட்டார். வெளியாட்களுக்கு இந்த முறை ஓரளவு தெளிவாகப் புரிந்தது அதன் பிறகுதான்.

இன்னொரு ஊற்று கசுவோ ஓனோ (1906–2010), யோஷிதோவின் தந்தை. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். போரில் சீனாவிலும் நியூகினியிலும் பல ஆண்டுகளைக் கழித்துத் திரும்பியவர். யோகோஹாமாவின் கமிஹோஷிகாவா பகுதியில் குன்றின்மேல் இருந்த சிறு கூடத்தில் பல பத்தாண்டுகள் வகுப்பு நடத்தினார். இளமையில் பார்த்த ஸ்பானிய நடனக்கலைஞர் அந்தோனியா மெர்சேயின் நினைவில் அவர் 1977-இல் ஆடிய தனி நடனத்தை இயக்கியவர் ஹிஜிகாத்தா. அப்போது ஓனோவுக்கு 71 வயது. 1980-இல் ஃபிரான்சின் நான்சி நகர விழாவில் ஆடியபின் உலகம் அவரைக் கவனித்தது. ஓனோவின் வகுப்பில் அசைவுகள் நிர்ணயிக்கப்படவில்லை. அவர் நீண்ட நேரம் பேசுவார், தாய், கரு, இறந்தவர்கள், ஒரு பூ என்று. பிறகு எல்லோரும் தங்களுக்குள்ளிருந்து ஆடுவார்கள்.

ஒன்று கட்டுமானம், மற்றது சரணாகதி. கற்பிப்பவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். தொடக்க மாணவர்களுக்கு ஹிஜிகாத்தாவின் வழியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓனோவின் எளிமை பல பத்தாண்டு நடனப் பயிற்சிக்குப் பின் வந்தது. அதை முதல் வாரத்திலேயே கேட்டால் உணர்ச்சிவசப்பட்ட அலைதல்தான் கிடைக்கும்.

முதலில் தளர்த்துவது

3 மணி நேர வகுப்பில் முதல் 40 நிமிடம் தளர்த்தலுக்கே போக வேண்டும். பல புத்தோ ஆசிரியர்கள் இதற்கு மிச்சிசோ நோகுச்சியின் (1914–1998) உடற்பயிற்சி முறையை எடுத்துக்கொள்கிறார்கள். உடல் என்பது தோலாலான நீர்ப்பை. எலும்பும் உறுப்புகளும் அதற்குள் மிதக்கின்றன என்பது நோகுச்சியின் அடிப்படைப் பார்வை. தசையால் தள்ளுவதைக் குறைத்து எடையால் நகர்வதே நோக்கம்.

இருவர் இருவராகச் செய்வது சிறந்தது. ஒருவர் மல்லாந்து படுக்க, மற்றவர் அவருடைய கணுக்கால்களைப் பிடித்து இடமும் வலமும் மிகச் சிறிய அளவில் அசைக்கிறார். 2 அல்லது 3 சென்டிமீட்டர் போதும். அலை முழங்கால், இடுப்பு, விலா, கழுத்து என்று ஏறித் தலை தானாக ஆட வேண்டும். எங்கே அலை நிற்கிறதோ அங்கே அவர் இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் இடுப்பிலோ தாடையிலோ நிற்கும். அசைப்பவர் வேகத்தைக் கூட்டி அந்தத் தடையை உடைக்கப் பார்ப்பது வழக்கமான தவறு. வேகம் கூடினால் கீழே இருப்பவர் இன்னும் இறுக்குவார். வேகத்தைக் குறைத்து, அலையின் அளவையும் குறைத்தால் 4, 5 நிமிடத்தில் வழி கிடைக்கும்.

அடுத்தது நின்றபடி மேலுடலைத் தொங்கவிடுவது. பாதங்கள் இடுப்பகலத்தில், முழங்கால் பூட்டப்படாமல். தலை முதலில் விழ, கழுத்தெலும்பு ஒவ்வொன்றாகத் தொடர, கைகள் தரையை நோக்கித் தொங்கும். எழும்போது அடிமுதுகிலிருந்து தொடங்கி, தலை கடைசியில் வர வேண்டும். இறங்க 1 நிமிடம், தொங்க 1 நிமிடம், எழ 2 நிமிடம். முதுகுத்தட்டுப் பிரச்சினையோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதைச் சுவரில் சாய்ந்து பாதியளவு மட்டும் செய்யட்டும். எழும்போது தலைசுற்றுகிறது என்று பலர் சொல்வார்கள்; மூச்சை அடக்கியபடி அவசரமாக எழுவது ஒரு முக்கியக் காரணம்.

நடை

புத்தோவின் அடிப்படைப் பாடம் நடை. 6 மீட்டர் தூரத்தை 4 நிமிடத்தில் கடப்பதாக வைத்துக்கொள்ளலாம். அடிக்கு 20 சென்டிமீட்டர் என்றால் 30 அடிகள், ஓர் அடிக்கு 8 நொடி. இந்தக் கணக்கை மாணவரிடம் சொல்ல வேண்டாம். ஆசிரியர் மனத்தில் இருந்தால் போதும். மாணவர் கேட்க வேண்டியது நிபந்தனைகளை மட்டும்.

பாதங்களுக்கு அடியில் பிளேடு இருக்கிறது. தலைமேல் நீர்க் கிண்ணம். கண்கள் கண்ணாடிக் குண்டுகள், அவை பார்ப்பதில்லை. பார்ப்பது நெற்றியில் உள்ள ஒரு கண். மூட்டுகளிலிருந்து மெல்லிய நூல்கள் முன்னும் பின்னும் போகின்றன. நடக்கவேண்டும் என்ற விருப்பத்தைவிட, முன்னால் இருக்கும் வெளி இழுப்பது முந்துகிறது. இந்த நிபந்தனைகள் ஹிஜிகாத்தாவின் மாணவர்களிடமிருந்து பல வடிவங்களில் வந்து சேர்ந்தவை. முதல் வகுப்பில் இரண்டு போதும். ஒன்றைச் சொல்லி, ஒரு முறை கடந்து முடித்தபின் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆசிரியர், மாணவரை ஒரு பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்.

தவறுகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அடி நீளமாக விழும். எடை ஒற்றைக் காலில் தடுமாறும். அதை ஈடுகட்டத் தோள் உயரும். தோள் உயர்ந்ததும் மூச்சு நிற்கும். கிண்ணம் கவிழ்ந்துவிட்டது என்று பார்க்கிறவருக்கே தெரியும். தோளைத் தொட்டுக் கீழே இறக்குவது பயன்படாது, ஏனென்றால் தோள் காரணமல்ல. அடியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் தோள் தானாக இறங்கும். கண்ணைத் தரையில் ஊன்றுவது இன்னொரு தவறு. "தரையைப் பார்க்காதீர்கள்" என்று சொல்வதைவிட "உங்களுக்குப் பின்னால் ஒரு காடு வளர்ந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். கவனம் முதுகுக்குப் போகும், தலை நிமிரும். அசைவுக் குறையை இன்னொரு படிமத்தால் திருத்துவதுதான் இந்தக் கற்பித்தலின் நுட்பம். உடற்கூற்றுத் திருத்தங்களைத் தளர்த்தல் பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், காயம் ஏற்படும் நிலைமை மட்டும் விதிவிலக்கு.

பூச்சிகள்

புத்தோவில் புகழ்பெற்ற பயிற்சி இது. ஹிஜிகாத்தாவின் மாணவர்கள் எழுதிவைத்த வடிவங்கள் சிற்சில மாற்றங்களோடு கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் ஒழுங்கு ஒன்றுதான்: ஒரு பூச்சியில் தொடங்கிப் பெருகிப்பெருகி, கடைசியில் உடலே இல்லாமல் போவது. முழுதாகச் செய்ய 25 முதல் 30 நிமிடம் ஆகும்.

நின்ற நிலை. வலது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு பூச்சி. அது புறங்கை வழியாக மணிக்கட்டுக்கு வருகிறது, முன்கையில் ஏறுகிறது. இந்த ஒன்றுக்கே 3 நிமிடம் கொடுங்கள். பூச்சிக்கு எத்தனை கால், ஈரமா வறட்சியா, நின்று நின்று போகிறதா என்று மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது பூச்சி கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து முதுகுக்குள் இறங்குகிறது. முதல் பூச்சி போய்விடவில்லை. மூன்றாவது உள்தொடையில் ஏறுகிறது. நான்காவது இடது தோளிலிருந்து மார்புக்கு. ஐந்தாவதை எங்கே என்று சொல்லாமல் மாணவரே கண்டுபிடிக்கட்டும். இதுவரை 10, 12 நிமிடம் ஆகியிருக்கும்.

இங்கிருந்து எண்ணிக்கை தாவ வேண்டும். ஐந்நூறு. கண்ணோரம், காது, வாயோரம், விரலிடுக்கு. பிறகு ஐயாயிரம், பத்தாயிரம். தோலின் துளைகள் வழியாக உள்ளே போகின்றன. உறுப்புகளைத் தின்கின்றன. உள்ளே இருப்பது வெற்றிடம். அந்தப் பூச்சிகளையும் இன்னும் சிறிய பூச்சிகள் தின்கின்றன. சுற்றியிருக்கும் காற்றும் தின்னப்படுகிறது. எஞ்சியிருப்பது பூச்சி தின்ற ஒரு பொருளின் நிலை. அங்கே 2, 3 நிமிடம் நிற்கவைத்து, பிறகு நடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதில் நடக்கும் முதல் பிழை, பூச்சியைக் காட்டுவது. மாணவர் கையை உதறுவார், கழுத்தைச் சொறிவார், முகத்தில் அருவருப்பைக் காட்டுவார். பார்ப்பவருக்குச் செய்தி போய்ச் சேருகிறது. ஆடுபவரின் தோலுக்கு எதுவும் போகவில்லை. அபிநயப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் உள்ளே எழுவதை உடனே முகத்துக்கு அனுப்பி வைக்கும் பாதையை அவர்கள் பல ஆண்டுகள் செதுக்கியிருக்கிறார்கள். இதற்கு மாற்று: பூச்சியைத் தட்டிவிடக் கூடாது என்று ஒரு விதி. அது ஏறுவதைத் தடுக்கவும் முடியாது, கண்ணால் பார்க்கவும் கூடாது. உதறும் வழி அடைபட்டதும் கூச்சம் உடலுக்குள் வேறு பாதை தேடும். முழங்கால் மடங்கும், விலா ஒதுங்கும், வயிறு உள்வாங்கும். அந்த அசைவுகளை யாரும் வடிவமைக்கவில்லை.

இரண்டாவது பிழை ஆசிரியருடையது: அவசரம். ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கு 5 நிமிடத்தில் போய்விட்டால் மாணவரிடம் கூட்டிப் பெருக்க எதுவும் இருக்காது. அவர் பொதுவாக நடுங்கத் தொடங்குவார். எல்லா மாணவர்களும் ஒரே மாதிரி நடுங்குகிறார்கள் என்றால் தொடக்கத்துக்குத் திரும்பி ஒரே பூச்சியோடு மறுபடி ஆரம்பியுங்கள்.

இப்பயிற்சி உண்மையில் கற்றுத்தருவது, கவனத்தை ஒரே நேரத்தில் பல இடங்களில் வைத்திருப்பது. ஐந்து பூச்சிகள் வரை மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். ஐந்நூறில் அது கைவிட்டுவிடும். கைவிட்ட பிறகும் உடல் வேலை செய்துகொண்டே இருப்பதை மாணவர் காண்கிறார். எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் பயன்படுவது அந்த அனுபவம்தான்: தீர்மானிக்கும் மனம் ஓய்ந்த பிறகும் வேலை நிற்பதில்லை, குழப்பமாகவும் ஆவதில்லை.

சொந்தக் குறிப்பு எழுதுவது

ஆறேழு வாரங்கள் மற்றவர் தந்த படிமங்களில் வேலை செய்தபின், மாணவர் தன் சொந்தப் புத்தோ-ஃபுவை எழுதத் தொடங்கலாம். படைப்புப் பயிற்சியின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

மூலப்பொருள் சேகரிப்பது முதல் வேலை. ஓர் ஓவியம் அல்லது புகைப்படம், கையால் தொட்ட ஒரு பொருளின் தன்மை, யாரோ ஒருவர் உட்காரும் அல்லது நிற்கும் விதம், ஓர் ஒலி. கதைகள் வேண்டாம். "பாட்டியின் மரணம்" என்பதில் உடலுக்கு எந்தத் தகவலும் இல்லை. "தூணில் சாய்ந்த வலது முழங்கை, எண்ணெய் காய்ந்த மரம்" என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம்: உடலில் எந்த இடம், என்ன பொருள், என்ன வேகம் அல்லது நிலை. இரண்டுக்காவது பதில் இல்லையென்றால் வரியைத் திருத்த வேண்டும்.

5 நிமிடக் குறிப்புக்கு ஒரு மாதிரி:

ஈரம் காயாத சாக்கு, முதுகு மட்டும் — 40 நொடி.
சாக்குக்கு அடியில் இடது கை விழிக்கிறது — 30 நொடி.
கை கதவுப்பிடியைத் தேடுகிறது, கதவு இல்லை — 30 நொடி.
முதுகெலும்பில் புகை ஏறிக் கழுத்தில் நிற்கிறது — 50 நொடி.
பல்லில்லாத கிழவியின் தாடை, சொல்லத் திறக்கிறது — 40 நொடி.
அதே தாடை, நெற்றியில் ஒரு சிறுமி நின்று கீழே பார்க்கிறாள் — 20 நொடி.
முழு உடலும் சாம்பல், காற்று இடப்பக்கமிருந்து — 90 நொடி.

இதில் கவனிக்க வேண்டியது வரிகளுக்கு இடையிலான தாவல். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றிலிருந்து ஒன்று வளர்கின்றன. நான்காவது முன்னதோடு உறவில்லாமல் வெட்டி நுழைகிறது. ஐந்தும் ஆறும் ஒரே நேரத்தில் இரண்டு வயதுகளை ஒரே முகத்தில் வைக்கின்றன. வளர்வது, வெட்டுவது, ஒன்றன்மேல் ஒன்று வைப்பது என்ற மூன்று வகை இணைப்புகளும் ஒரு குறிப்பில் இருந்தால் ஆட்டத்துக்கு மூச்சு இருக்கும். எல்லாமே மெல்ல வளர்ந்துகொண்டு போனால் பார்ப்பவர் இரண்டாவது நிமிடத்திலேயே தளர்ந்துவிடுவார்.

மாணவர்கள் இங்கே வழக்கமாகத் தடுமாறுவது மூன்று இடங்களில். வெட்டு வரும் இடத்தில் பயந்து, முந்தைய நிலையைக் கரைத்துக் கரைத்து அடுத்ததற்குப் போகிறார்கள். வெட்டு கால் நொடியில் நடக்க வேண்டும். வரிகளை ஒரு கதையாகக் கோத்து, சிறுமி கிழவியாகிச் சாம்பலாகிறாள் என்று விளக்கம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அதன்பின் படிமங்களை மறந்து கதையை ஆடுகிறார்கள். மூன்றாவது, 5 நிமிடத்துக்குப் பதினைந்து படிமம் எழுதுவது. ஆறு அல்லது ஏழுக்கு மேல் தாங்காது. சிக்கனமாக எழுதக் கற்பதே இந்தக் கட்டத்தின் பாதிப் பாடம்.

ஒரு வாரம் கழித்துக் காகிதத்தைப் பார்க்காமல் ஆடச் சொல்லுங்கள். உடல் மறந்துவிட்ட வரியை அடித்துவிடலாம், அது தாளில் மட்டும் அழகாக இருந்திருக்கிறது. இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. குறிப்பை இன்னொரு மாணவரிடம் கொடுத்து, எழுதியவர் பார்க்கட்டும். அசைவுகள் முற்றிலும் வேறாக வரும். ஆனால் ஈரச் சாக்கின் கனமும் புகையின் நிறுத்தமும் அங்கேயும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சொல்லில் குறை. "கனமாக" என்று எழுதியிருந்தால் எதன் கனம் என்று எழுத வேண்டும்.

ஆசிரியரின் குரலும் மௌனமும்

10 பேருக்குமேல் ஒரு வகுப்பில் வேண்டாம். ஆளுக்கு 4 சதுர மீட்டர் என்றால் சுமார் 450 சதுர அடி மரத்தரை அல்லது பாய் விரித்த தரை தேவை. கண்ணாடி இருந்தால் துணியால் மூடிவிடுங்கள். கண்ணாடியைக் கண்டதும் மாணவர் தன் உருவத்தைத் திருத்த ஆரம்பிப்பார், உள்ளே போன கவனம் வெளியே வந்துவிடும்.

படிமத்தைப் பெயர்ச்சொல்லாகச் சொல்வது நல்லது. "கையை மெதுவாகத் தூக்குங்கள்" என்பது கட்டளை. "கைக்கு அடியில் புகை" என்பது நிலைமை. ஒரு படிமத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 40 நொடி முதல் 1 நிமிடம் வரை மௌனம் இருக்கட்டும். புதிய ஆசிரியர்களால் இந்த மௌனத்தைத் தாங்க முடிவதில்லை. அறை அமைதியானதும் பதறி அடுத்த படிமத்தைச் சொல்லிவிடுவார்கள், மாணவர் முதலாவதைத் தொட்டிருக்கவே மாட்டார். குரல் தாழ்ந்தும் தட்டையாகவும் இருக்க வேண்டும். பயங்கரமான படிமத்தைப் பயங்கரமான குரலில் சொன்னால் மாணவர் குரலைத்தான் ஆடுவார்.

செய்து காட்டலாமா என்பது ஆசிரியர்களிடையே உள்ள பழைய விவாதம். ஹிஜிகாத்தாவின் குழுவில் அசைவுகள் விரல்நுனி வரை நிர்ணயிக்கப்பட்டிருந்தன. அஷிகாவாவின் உடலைப் பார்த்து மற்றவர்கள் கற்றார்கள். அது மேடைக்கான குழு. படைப்பாற்றல் வளர வேண்டும் என்பதற்காக நடத்தும் வகுப்பில் முதல் மூன்று மாதம் செய்து காட்டாமல் இருப்பதே சரி. ஒரு முறை காட்டிவிட்டால் பத்து மாணவர்களிடமும் அந்த ஒரே அசைவு வந்து உட்கார்ந்துவிடும்.

பாதிப் பேர் ஆட, பாதிப் பேர் பார்க்க வேண்டும். பார்ப்பதும் பயிற்சி. பிறகு பேசும்போது "அழகாக இருந்தது", "புரியவில்லை" ஆகிய இரண்டையும் விலக்கிவிட்டு மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். எந்த நொடியில் அவர் மாறினார்? எங்கே உங்கள் கவனம் விலகியது? எந்த இடத்தில் அவர் நமக்காகச் செய்தார்? மூன்றாவது கேள்வி கூர்மையானது. ஆடியவருக்கே அந்த இடம் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

ஓனோவின் வழிக்கு நான்காவது மாதத்தில் கதவு திறக்கலாம். ஒரு பூவைக் கொடுங்கள், உண்மையான பூ. 10 நிமிடம் கையில் வைத்துப் பார்த்தபின், அதனோடு 10 நிமிடம் ஆட்டம், எந்தக் குறிப்பும் இல்லாமல். பூவை முகர்வது, மார்போடு அணைப்பது என்று தெரிந்த சைகைகள் முதல் 3 நிமிடத்தில் தீர்ந்துபோகும். அடுத்த 2 நிமிடம் மாணவர் திகைத்து நிற்பார். அங்கே குறுக்கிடக் கூடாது. உண்மையான வேலை அதன்பிறகே தொடங்கும். 5 நிமிடத்தில் நிறுத்திவிடும் வகுப்புகள் தீர்ந்துபோவதை மட்டும் பார்த்துவிட்டுக் கலைகின்றன.

வேறு கிளைகளும் உண்டு. நடனக்கலைஞர் மின் தனாக்கா 1980-களின் நடுவில் ஜப்பானின் யமனாஷி பகுதியின் ஹகுஷு கிராமத்தில் பண்ணை அமைத்து, விவசாய வேலையையே நடனப் பயிற்சியின் அடித்தளமாக்கினார். இந்தியாவில் இமயமலை அடிவாரத்துத் தரம்சாலாவில் ஒரு புத்தோ பள்ளி நடந்துவந்திருக்கிறது; அங்கே மாணவர்கள் மாறி மாறி வகுப்பை நடத்துவதும் பாடத்தின் பகுதி.

ஆபத்துகள்

உடல் காயங்களில் முதலிடம் முழங்காலுக்கு. தாழ்ந்த, வளைந்த கால் நிலையில் 10 நிமிடத்துக்குமேல் தொடக்க மாணவர்களை வைக்கக் கூடாது. முழங்கால் பாதத்தின் திசையிலிருந்து உள்ளே சரிந்தால் உடனே எழச் சொல்லுங்கள். மெதுவான வேலையில் உடல் குளிர்ந்துவிடும் என்பதால் குளிரூட்டியை அணைத்துவிடுவது நல்லது. குளிர்ந்த தசையோடு திடீரென வெட்டசைவு செய்யும்போதே பிடிப்பு ஏற்படுகிறது. விழுவதைக் கற்பிக்கும்போது உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கி, பிறகு மண்டியிட்டு, கடைசியில் நின்று விழ வேண்டும். உயரத்தில் செய்யும் எதுவும் வகுப்புக்கு உரியதல்ல. சங்காய் ஜுகு குழுவின் நடனக்கலைஞர் ஒருவர் 1985-இல் அமெரிக்காவின் சியாட்டிலில், கட்டடத்திலிருந்து தலைகீழாகக் கயிற்றில் தொங்கி இறங்கும் நிகழ்ச்சியில் கயிறு அறுந்து இறந்தார். பல ஆண்டுப் பயிற்சி கொண்ட குழுவுக்கு நேர்ந்தது அது.

மனம் சார்ந்தவற்றில் இன்னும் கவனம் வேண்டும். புத்தோ இருளோடு வேலை செய்கிறது. அதனால் மாணவரின் காயங்களைக் கிளறிப் பார்க்க ஆசிரியருக்கு உரிமை வந்துவிடாது. இது சிகிச்சையும் அல்ல. சொந்த வாழ்வின் அதிர்ச்சியைப் படிமமாக எடுக்கச் சொல்லாதீர்கள். சாம்பல், பூச்சி, ஈரமான சுவர் போன்ற பொருள்களே போதிய ஆழத்துக்குக் கொண்டுபோகும். யாரும் எந்த நேரத்திலும் சுவரோரம் போய் உட்காரலாம், காரணம் கேட்கப்படாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆடுபவரின் கண் நிலைகுத்தி, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை என்றால் பயிற்சியை நிறுத்தி, பாதத்தைத் தரையில் தேய்க்கச் சொல்லி, அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு நீண்ட படிம வேலைக்குப் பிறகும் 10 நிமிடம் திரும்பிவர ஒதுக்க வேண்டும்: கைகால்களைத் தேய்த்துவிடுவது, சாதாரண நடை, தண்ணீர், சாதாரணப் பேச்சு. நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான். அப்படி வெட்டினால் மாணவர்கள் கலங்கிய நிலையிலேயே சாலைக்குப் போகிறார்கள்.

வெள்ளைப் பூச்சு வகுப்பில் தேவையில்லை. மேடைக்குப் பூசும்போது முந்தைய நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒவ்வாமை பார்த்துவிட வேண்டும். பூசியபின் முகத்தின் சிறு அசைவுகள் பெரிதாகத் தெரியும், வியர்வை கோடு போடும். ஆகவே ஒரு முழு ஒத்திகையாவது பூச்சோடு நடக்க வேண்டும்.

மூன்று மாத முடிவில் 5 நிமிடத் தனி ஆட்டங்களை ஒரு சிறு வட்டத்துக்குக் காட்டலாம். பார்வையாளர் 20 பேர் போதும். முதல் வரிசை 2 மீட்டர் தூரத்தில் தரையில் உட்காரட்டும், ஏனென்றால் விரலிலும் இமையிலும் நடப்பது பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது. ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் இடுப்புயரத்தில் வையுங்கள். இசையைக் கடைசி வாரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். அதற்குமுன் சேர்த்தால் மாணவர் படிமத்தை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். இசை இல்லாமல் நிற்கும் ஆட்டத்துக்கு மூன்று வெவ்வேறு ஒலிகளைப் போட்டுப் பார்த்து, ஆடுபவரின் நேரத்தை மாற்றாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுமே மாற்றினால் மௌனத்திலேயே காட்டலாம்.